கஞ்சி அண்ணன் தொலைத்த ஸ்வெட்டர்

அப்பா இறந்து நாற்பத்தாறு நாள் ஆகிறது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "நல்ல மனுஷன், தானுண்டு தன் வேலையுண்டுன்னு இருந்தவர்." தெருக்காரர்கள் அப்படிச் சொல்லும்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு லேசாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குக் காரணம் உண்டு.

அவருக்குத் தெருவில் வைத்திருந்த பெயர் கஞ்சி அண்ணன். சலவைக் கடை வைத்திருப்பதால் வந்த பெயர் என்று புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அது அவர் நடைக்கு வைத்த பெயர். கழுத்தைத் திருப்பமாட்டார், யாராவது கூப்பிட்டால் முழு உடம்பும் திரும்பும். "அண்ணனைத் தண்ணியில முக்கி எடுத்தாத்தான் குனிவாரு" என்பார் எதிரே பெட்டிக்கடை அளவு இடத்தில் சாவி அறுக்கும் சாவிக்காரர். அப்பா அதற்கும் சிரிக்கமாட்டார். "துணி குடுக்க வந்தீங்களா, வாய் குடுக்க வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு இஸ்திரிப்பெட்டியை எடுப்பார்.

கடை என்றால் ஒரே அறை. பின்பக்கம் இரண்டு சலவை இயந்திரங்கள், நடுவில் கம்பளியும் வெள்ளைத்துணியும் விரித்த நீள மேசை, சுவரோடு மூன்று அலமாரிகள். துவைக்கவேண்டியது ஒன்றில், தேய்த்து முடித்தது ஒன்றில். மூன்றாவது அம்மாவின் அலமாரி. பட்டன் தைக்க, ஓரம் மடிக்க, கிழிசலுக்கு ஒட்டுப் போட வேண்டியதெல்லாம் அதில் கிடக்கும். ஒவ்வொரு துணி மூட்டையிலும் எண்ணும் தேதியும் எழுதிய ஒரு துண்டுத்துணி ஊக்கில் குத்தியிருக்கும்.

அப்பாவின் பெருமை இரண்டு. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கைக்குட்டைகூடத் தொலைந்ததில்லை. ஒரு வீட்டுத் துணி இன்னொரு வீட்டுக்குப் போனதில்லை. அதோடு ஒரு பிடிவாதமும் உண்டு: முப்பது நாளுக்குமேல் யார் துணியும் கடையில் தங்கக்கூடாது. வாங்கிப்போக வராதவர் வீட்டுக்குத் தாமே காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார். "பிறத்தியார் துணி நம்மகிட்ட தங்கினா எனக்கு முதுகு அரிக்குது" என்பார். ஒருமுறை மருத்துவமனையில் படுத்திருந்தவரிடம் கொண்டுபோய் கோட்டும் சூட்டும் கொடுத்துவிட்டு வந்தார். அந்த மனுஷர் பயந்தே போனாராம், தனக்கு முடிவு நெருங்கிவிட்டதோ என்று.

பக்கத்துக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஓர் அக்கா இருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டும் வேலை. ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை, குட்டி என்றுதான் கூப்பிடுவோம். கணவன் மின்சாதனக் கடையில் விற்பனையாளர். எப்போதும் சிரித்த முகம், வெள்ளைச் சட்டை. அப்பாவுக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். "காலரை அழுக்காக்கத் தெரியாத ஆள்" என்று புகழ்வார். ஒருவனைப் பற்றி அப்பாவுக்கு அதற்குமேல் எதுவும் தெரியவேண்டியிருக்கவில்லை.

அம்மாவுக்குத் தெரிந்தது. பட்டன் தைக்கிறவளுக்கு ஒரு விஷயம் தெரியும்: நூல் நைந்து விழுந்த பட்டன் துணியை விட்டுவிட்டுப் போகும், பிடுங்கப்பட்ட பட்டன் துணியையும் கொஞ்சம் கொண்டுபோகும். அக்காவின் மேல்சட்டை அப்படி மூன்றாவது முறை வந்தபோது அம்மா கேட்டாள்.

"இது தானா விழுந்த மாதிரி இல்லையே?"

"கதவுல மாட்டிக்கிச்சுங்க."

அம்மா சட்டையைத் திருப்பிப் பார்த்தாள். தோள் தையலும் விட்டிருந்தது. "ரொம்பக் கோபக்காரக் கதவு போல" என்றாள்.

அக்கா வேகமாகப் போய்விட்டாள். அடுத்த வாரம் ஒரு பாவாடையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். கிளம்பவில்லை. "கதவு இந்த வாரமும் கோபமாத்தான் இருக்கு" என்றாள். அப்போது அப்பா பின்பக்கம் இயந்திரத்தின் இரைச்சலில் நின்றிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவருக்குத் தெரியாமலே நடந்தது. அம்மா மருந்துக்கடை அத்தையிடம் சொன்னாள். அத்தை என்றால் உறவில்லை, தெருவுக்கே அத்தை. களிம்பு வாங்க வருகிற அக்காவின் முகத்தைப் பார்த்தே அவளும் பாதி ஊகித்திருந்தாள். இரண்டு ஊர் தள்ளி, இப்படி வீட்டை விட்டு வருகிற பெண்களுக்காகப் பெண்களே நடத்தும் ஒரு வீடு அவளுக்குத் தெரியும். அக்காவின் எதிர்வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற டீச்சருக்குச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. சுவருக்கு அந்தப்பக்கம் கேட்பதெல்லாம் இந்தப்பக்கமும் கேட்கும். "கூப்பிட்டா வரேன்னு ரெண்டு வருஷமா உக்காந்திருக்கேன், கூப்பிடத்தான் ஆளில்லை" என்றாராம்.

திட்டம் எளிமையானது. மூன்று மாதம் கழித்து வரும் முதல் தேதியில் அக்கா குழந்தையோடு கிளம்பிவிடவேண்டும். அதற்குள், வீட்டில் எதுவும் குறைவது தெரியாதபடி, வாரத்துக்கு ஒரு துணியாகச் சலவையோடு சேர்த்துக் கொடுத்தாள். குழந்தையின் இரண்டு கவுன், ஒரு சீருடை, அவளுடைய மாற்றுடை. ஊதா ஸ்வெட்டர் ஒன்றும் இருந்தது. அது கொடியிலிருந்து காணாமல் போய்விட்டது என்று வீட்டில் சொல்லியிருந்தாள். அதற்குள் மடித்து ஒரு பழுப்பு உறை: குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், அவளுடைய படிப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டை. எல்லாம் ஒரே மூட்டையாக அம்மாவின் அலமாரியில், அடித்தட்டில் இருந்தது.

"அவர்கிட்ட சொல்லிடேன்" என்று அத்தை சொல்லியிருக்கிறாள்.

"வேண்டாம் அத்தை. அவருக்குப் பொய் வராது. அந்த ஆள் சட்டை குடுக்க வந்து நின்னா, இவர் மூஞ்சியே எல்லாத்தையும் ஒப்பிச்சிடும்."

அது சரியான கணக்குதான். ஆனால் அம்மா ஒரு நாளை யோசிக்க மறந்துவிட்டாள்: பல் பிடுங்கப் போகிற நாளை.

அன்று நண்பகலில் அம்மா பல் மருத்துவரிடம் போய்விட்டாள். மேசையில் வேலை முடிந்துவிட்டது. சும்மா நிற்கத் தெரியாத அப்பா அம்மாவின் அலமாரியைத் துடைத்து அடுக்க ஆரம்பித்தார். அடித்தட்டில் அந்த மூட்டை. தேதியைப் பார்த்தார். அறுபத்தொரு நாள்.

எனக்கு அன்று கல்லூரி விடுமுறை. கடையின் மூலையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். வீட்டில் திருட்டுப்பொருளைக் கண்டெடுத்தவர் போல நின்றார். "உங்கம்மா என்ன இப்படிப் பண்ணி வெச்சிருக்கா?" என்றார். பட்டன்கள் எல்லாம் சரியாக இருந்தன. கிழிசல் எதுவும் இல்லை. வேலை முடிந்த துணி, இரண்டு மாதமாகச் சும்மா கிடக்கிறது. ஒவ்வொன்றையும் மறுபடி தேய்த்தார். ஸ்வெட்டரை விரித்தபோது உறை வந்தது. அடுத்தவர் உறை, அதைப் பிரித்துப் பார்ப்பது அவருக்கு அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது மாதிரி. இருந்தபடியே வைத்து மடித்தார். காகிதம் சுற்றி, நூல் கட்டி, மூன்று மாடி ஏறிப்போனார்.

அந்த ஆளுக்கு அன்று வார விடுமுறை.

அம்மா இரண்டரை மணிக்கு வாயில் பஞ்சோடு வந்தாள். அப்பா நல்ல உற்சாகத்தில் இருந்தார். "அறுபத்தொரு நாள்! உன் அலமாரியில. மூணாவது மாடி வீட்டுத் துணி. நானே கொண்டுபோய் அவர் கையில குடுத்து, தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டுட்டு வந்தேன்."

அம்மாவின் வாயில் பாதி மரத்துப்போயிருந்தது. மீதிப் பாதியால் அவள் என்ன சொல்ல முயன்றாள் என்று எங்களுக்கு முதலில் புரியவில்லை. பஞ்சைத் துப்பினாள். பட்டன், கதவு, முதல் தேதி, உறை என்று நாலே வாக்கியத்தில் குழறிக் குழறிச் சொன்னாள். அவள் கண்ணிலிருந்து வழிந்தது வலியா பயமா என்று தெரியவில்லை.

அப்பா ஸ்டூலில் உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"அந்த உறையை அவன் பிரிச்சிருந்தா?" என்று கேட்டார்.

"சாயங்காலம் அவ வீட்டுக்கு வந்ததும் கொன்னே போட்டுடுவான்."

அப்பா எழுந்தார்.

"எங்க போறீங்க?"

"துணியை வாங்கிட்டு வர."

"என்னன்னு சொல்லி வாங்குவீங்க? உங்களுக்குப் பொய்யே வராதே!"

"வரவெச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா மருந்துக்கடைக்கு ஓடினாள். மாடியில் நடந்ததை எங்களுக்குச் சொன்னவர் டீச்சர். அத்தையின் போன் வந்ததும் அவர் தன் வீட்டுக் கதவைத் திறந்துவைத்து, வாசலில் ஒரு நாற்காலி போட்டு, அரிசி புடைப்பதுபோல முறத்தோடு உட்கார்ந்துவிட்டார். முறத்தில் அரிசி இருந்ததா என்று தனக்கே நினைவில்லை என்பார்.

அந்த ஆள் கதவைத் திறந்தான். பின்னால் சாப்பாட்டு மேசைமேல் மூட்டை. காகிதம் பிரிந்திருந்தது. மேலே ஸ்வெட்டர், மடிப்புக் கலையாமல்.

"சார், அந்தத் துணியைத் திருப்பிக் குடுங்க" என்றார் அப்பா.

"ஏன்?"

"ஸ்வெட்டர் கையில பளபளப்பு விழுந்துடுச்சு. ஈரத்துணி போடாம தேய்ச்சுட்டேன்."

அவன் போய் ஸ்வெட்டரின் கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உங்களுக்குத் தெரியாது சார். எனக்குத் தெரியுது. இப்படி ஒரு துணியைக் குடுத்துட்டு என்னால கடையில நிக்க முடியாது."

அதை வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டான். கஞ்சி அண்ணன் சொன்னதால் நம்பினான். ஆனால் ஸ்வெட்டரின் கையை விடவில்லை.

"இது காணாமப் போச்சுன்னு அவ சொன்னா. உங்க கடைக்கு எப்படி வந்துச்சு?"

 டீச்சர் முறத்தைத் தட்டுவதை நிறுத்திவிட்டாராம்.

"நான்தான் சார் தொலைச்சேன்."

"என்னது?"

"துவைக்கப் போட்டாங்க. நான் எங்கேயோ வெச்சுட்டேன். அவங்க மூணு தடவை வந்து கேட்டாங்க. இங்க வரவே இல்லை, உங்க கொடியிலதான் காணாமப் போயிருக்கும்னு சாதிச்சேன். இந்தக் கவுனும் அப்படித்தான். அலமாரிக்குப் பின்னால விழுந்து கிடந்துச்சு, இன்னைக்குத்தான் பார்த்தேன். ஒத்துக்க வெக்கமா இருந்துச்சு."

இருபத்திரண்டு வருஷத்து மனுஷர் அந்த வாசலில் நின்று இதைச் சொன்னார். தலை குனிந்திருந்தது. குனிந்த கஞ்சி அண்ணனை முதலில் பார்த்தது தான்தான் என்று டீச்சர் பிறகு சாவிக்காரரிடம் சொல்லி வெறுப்பேற்றுவார்.

அவனுக்கு அது பிடித்துப்போனது. "அப்படிச் சொல்லு! ஊரே உன்னைத் தலையில தூக்கி வெச்சு ஆடுது. கடைசியில நீயும் ஒரு திருட்டுப்பய."

"ஆமா சார்."

"எத்தனை பேர் துணியை இப்படி அமுக்கியிருக்க?"

"இது ஒண்ணுதான் சார்."

"நம்பிட்டேன். எடுத்துட்டுப் போ. நாளைக்குள்ள சரியா வரணும். காசு கீசுன்னு வாயைத் திறக்கக்கூடாது."

மூட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அப்பா இறங்கினார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் சுவரில் சாய்ந்து நின்றதை டீச்சர் மேலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறார். கடைக்கு வந்து மேசைமேல் வைத்து, ஸ்வெட்டருக்குள் கைவிட்டுப் பார்த்தார். உறை இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார்.

முதல் தேதிவரை இனிக் காத்திருக்க முடியாது. சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தால் அவன் கேட்கிற முதல் கேள்வியிலேயே எல்லாம் அவிழ்ந்துவிடும். அத்தை கண்ணாடிக் கடைக்குப் போன் செய்தாள். பள்ளி வேன் ஓட்டும் அண்ணன் மற்றப் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் குட்டியை மட்டும் வண்டியிலேயே வைத்துக்கொண்டார். அப்படியே கண்ணாடிக் கடை வாசலில் அக்காவையும், எங்கள் தெருமுனையில் அத்தையையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டார். போகிற வழியில் காவல் நிலையம். அங்கே ஒரு பெண் அதிகாரி புகாரை எழுதி வாங்கிக்கொண்டார். பிறகு இரண்டு ஊர் தள்ளி இருக்கும் அந்த வீடு. முழு வழியும் குட்டி முன்சீட்டில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டே போனாளாம்.

ஆறு மணிக்கு அவன் கடைக்கு வந்தான். மனைவியும் வரவில்லை, குழந்தையும் வரவில்லை. சிரித்த முகத்தைக் காணோம்.

அதற்குள் டீச்சர் தெருவில் எல்லாருக்கும் விஷயத்தைச் சொல்லிவைத்திருந்தார். அவன் படி இறங்குவதைப் பார்த்ததுமே டீச்சர் சாவிக்காரருக்குக் கை காட்டியிருக்கிறார். அவன் எங்கள் மேசைக்கு முன்னால் வந்து நிற்பதற்குள், சாவிக்காரர் ஒரு கால்சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். அவர் பின்னால் ரொட்டிக்கடைக்காரர், இடுப்பில் கட்டியிருந்த மாவு படிந்த ஏப்ரனை அவிழ்த்தபடி. அவருக்குப் பின்னால் டீச்சர், இரண்டு தலையணை உறையோடு. பிறகு பெயர் தெரிந்தவர், தெரியாதவர் என்று வரிசை சாலைவரை நீண்டது.

"எங்கடா என் பொண்டாட்டி?" என்று அவன் மேசையைத் தட்டினான்.

"லைன்ல வாங்க சார்" என்றார் சாவிக்காரர்.

"நான் துணி குடுக்க வரலை!"

"அப்போ ஓரமா நில்லுங்க. நாங்க குடுக்கணும்ல."

அவன் அப்பாவின் சட்டையை எட்டிப் பிடிக்கப் போனான். ரொட்டிக்கடைக்காரர் நடுவில் தன் ஏப்ரனை உதறினார். மாவு பறந்து வெள்ளைச் சட்டை முழுக்கப் படிந்தது. "அடடா, மன்னிச்சுக்கோங்க. கழட்டிக் குடுங்க, அண்ணன் துவைச்சுத் தருவாரு" என்றார், கொஞ்சமும் அசையாமல்.

"போலீசுக்குப் போறேன் பாருங்க!"

"தாராளமாப் போங்க தம்பி," என்றார் டீச்சர். "உங்களைப் பத்தி எழுதின காகிதம் நாலரை மணியிலிருந்து அங்க காத்துக்கிட்டு இருக்கு. நான் ரெண்டு வருஷமாக் கேட்டதையும் நாளைக்குப் போய் எழுதிக் குடுக்கப்போறேன்."

அவன் வரிசையை ஒருமுறை பார்த்தான். யாரும் கத்தவில்லை. எல்லார் கையிலும் துணி. ஒவ்வொரு முகத்துக்கும் தெரிந்துவிட்டது என்பது அவனுக்குப் புரிந்திருக்கவேண்டும். மாவைத் தட்டிக்கொண்டே போனான்.

கொஞ்ச நேரத்தில் கடை போன் அடித்தது. அத்தை. "சேர்ந்தாச்சு. குட்டி சாப்பிட்டுட்டு இருக்கா" என்றாள். அம்மா அதை வரிசைக்கு உரக்கச் சொன்னாள். யாரோ கைதட்டினார்கள். அப்பா குவிந்த மூட்டைகளைப் பிரிக்க ஆரம்பித்தார். இரண்டாவது மூட்டையிலேயே நிமிர்ந்தார்.

"இது நேத்து நான் தேய்ச்சுக் குடுத்த கால்சட்டை."

"கைக்குக் கிடைச்சதை எடுத்துட்டு ஓடி வந்தேன் அண்ணே" என்றார் சாவிக்காரர்.

பாதி மூட்டை அப்படித்தான், துவைத்த துணி. எல்லாவற்றுக்கும் எண் எழுதி, ஊக்குக் குத்தி, மறுபடி துவைத்துத் தேய்த்துத்தான் கொடுத்தார்.

கடை அடைத்த பிறகு அம்மாவிடம் கேட்டார், "எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"உங்களுக்குப் பொய் சொல்ல வராதுன்னு நெனச்சேன்."

"இப்போ?"

"தேறிட்டீங்க" என்றாள் அம்மா, வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, "அடுத்த தடவை யாராவது வந்தா எங்கிட்டயும் சொல்லு" என்றார். வந்தார்கள். அப்பா இறக்கும்வரையான பதினோரு வருஷத்தில் ஐந்து பேர். அந்த மூட்டைகளுக்கு மட்டும் அவர் தேதி எழுதவில்லை.

வழக்கு ஒன்பது மாதம் நடந்தது. டீச்சர் சாட்சி சொன்னார், அப்பாவும் சொன்னார். அவன் அந்த மூன்றாம் மாடி வீட்டுப் பக்கம் வரக்கூடாது, அங்கே அக்காவும் குழந்தையும் இருக்கலாம் என்று உத்தரவானது. அவன் வேறு ஊருக்கு மாறிப்போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அவள் திரும்பி வருவதற்கு முந்தின நாள் தெருவே அந்த மூன்றாம் மாடியில்தான் இருந்தது. சாவிக்காரர் பூட்டை மாற்றி, மூன்று சாவி அறுத்துக் கொடுத்தார். ரொட்டிக்கடைக்காரர் சமையலறை அலமாரியை நிரப்பினார். வேன் அண்ணன் தளர்ந்துபோன கதவுக் கீலை இறுக்கினார். அப்பா திரைச்சீலைகளை எல்லாம் கழற்றிக்கொண்டு வந்து இரண்டு தண்ணீர் மாற்றித் துவைத்தார்.

மறுநாள் அவள் வந்தபோது அவர் முன்னறை ஜன்னலில் ஸ்டூல்மேல் நின்று கடைசித் திரையை மாட்டிக்கொண்டிருந்தார். குட்டி செருப்போடே ஓடிப்போய்க் கட்டிலில் குதித்தாள். அக்கா ஒவ்வோர் அறையாகப் பார்த்துவிட்டு முன்னறைக்கு வந்தாள். எல்லாரும் அவள் அழப்போகிறாள் என்று காத்திருந்தோம். டீச்சர் கைக்குட்டைகூட எடுத்துவிட்டார்.

அவள் தலையைச் சாய்த்து ஜன்னலைப் பார்த்தாள்.

"அண்ணே, அது கொஞ்சம் கோணலா இருக்கே."

ரொட்டிக்கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த வீட்டுக்குள் நின்று அவள் ஒன்றைப் பிடிக்கவில்லை என்று சொன்னது அன்றைக்குத்தான் முதல் முறையாக இருக்கவேண்டும். அப்பா ஸ்டூலிலிருந்து இறங்கினார். நாலடி பின்னால் வந்து, அவள் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"ஆமா. இடப்பக்கம் ஒரு விரல் இறங்கியிருக்கு" என்றார்.

மறுபடி ஏறினார். அவள் கீழே நின்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், இல்லை இல்லை, ரொம்ப ஏத்திட்டீங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவரும் சலிக்காமல் ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தார்.